கல்யாணப் பத்திரிகையில் போட்ட பி.இ.

எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மாடியில் குடியிருக்கும் இலக்கியா. அவளைப் பற்றி நான் சொல்வதையும் ஒரு சொல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றாள். முகத்தைச் சுளித்ததையும் எழுதச் சொன்னேன்.

சொல்லப்போவது என் தம்பி மகன் சிவசங்கரைப் பற்றி. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறான். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, ஒரு டிராக்டர், மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் ஒன்று. ஊரில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "இன்ஜினியரு" என்றுதான் கூப்பிடுவார்கள். போர் மோட்டார் ஓடவில்லையா, இன்ஜினியரைக் கூப்பிடு. கோயில் மைக் செட்டு கரகர என்கிறதா, இன்ஜினியரைக் கூப்பிடு. அவனும் போவான், கழற்றுவான், மாட்டுவான், ஓடவைத்துவிட்டு வருவான். கைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவன் இன்ஜினியர் கிடையாது.

காலேஜுக்குப் போனான், இல்லையென்று சொல்லவில்லை. நாலு வருஷமும் போனான். எல்லாப் பாடத்திலும் தேறினான். முதல் வருஷக் கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் நின்றுபோனது. இப்படி நின்றுபோவதை அரியர் என்கிறார்கள். அந்த ஒன்றை முடிக்காமல் பட்டம் தர மாட்டார்களாம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை. அங்கே வாத்தியார் போர்டைப் பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசுவாராம், எழுதுவாராம், இவன் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவாராம்.

"சந்தேகம் கேக்கறதுக்கு இன்னாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு தபா கையத் தூக்கினேன் அத்த. 'இது பிளஸ் டூவுலயே தெரிஞ்சிருக்கணுமே'ன்னாரு. கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. அதோட கையத் தூக்கல."

தூக்காத கைக்குத்தான் இத்தனை பாடு. ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி எழுதினான், ஒவ்வொரு தடவையும் போனது. இடையில் கல்யாணம் பேசினார்கள். என் தம்பி அரங்கநாதன், மவராசன் இப்போது இல்லை, பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டுவிட்டான்.

"இன்னும் ஒரு பேப்பர் நிக்குதுன்றான், நீ பாட்டுக்குப் போட்டுக்கினு இருக்கற?" என்றேன்.

"தாலி கட்டறதுக்குள்ள ரிசல்ட் வந்துடும்க்கா. பத்திரிகை இன்னா ரெண்டு தபாவா அடிப்பாங்க?"

தாலி கட்டுவதற்குள் ரிசல்ட் வரத்தான் செய்தது. பெயில். அதற்குள் பத்திரிகை வீடு வீடாகப் போய், மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு பிளெக்ஸும் கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை சிவசங்கர், பி.இ. பெண் அம்சவள்ளி, பி.எஸ்சி. கணிதம். பெண் வீடு கச்சிராயபாளையம், மலை அடிவாரம். பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், இரண்டு ஜோசியரிடம் பார்த்தார்கள். மார்க் ஷீட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பெண் கணக்குப் படித்தவள் என்றதும் இவன் உஷாராகிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் கணக்குப் பேச்சே எடுக்க மாட்டான். அவளும் எடுக்க மாட்டாள். இவர்கள் மகள் தனுஷா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் அம்மாக்காரி, "அப்பாகிட்ட கேளு, அவருதான் இன்ஜினியரு" என்பாள். அப்பன்காரன், "அம்மாகிட்ட கேளு, அவங்கதான் மேத்ஸு" என்பான். அந்தப் பிள்ளை அடுப்படிக்கும் டிராக்டர் நிறுத்துகிற இடத்துக்கும் நடந்து நடந்து, கடைசியில் தானாகவே கணக்கைக் கற்றுக்கொண்டது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மாமனார் காசிநாதன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார். கரும்பு ஆலை ஒன்றில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினியர் தேவை என்று கேள்விப்பட்டு, "என் மாப்ள இருக்காரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். ஆலைக்காரர்களும் இவனை வரச்சொல்லி, ஓடாமல் கிடந்த ஏதோ ஒன்றைக் காட்டி, இவன் கை வைத்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். வேலை உனக்குத்தான், சர்டிபிகேட் மட்டும் கொண்டுவா என்றார்கள்.

அதே மாதம்தான் கூடப் படித்தவன் ஒருத்தன் போனில் செய்தி அனுப்பினான். பழைய ஆட்களின் அரியருக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது, இத்தோடு சரி, இனிமேல் கிடையாது என்று.

கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆறிப்போவுது, குடி. இன்னாடா, மூஞ்சி தொங்கிப்போயிக் கெடக்குது?"

"ஒன் மாடியில இருக்கற டீச்சரு யாருக்கு டியூஷன் எடுக்கறாங்க அத்த?"

"காலேஜுப் பசங்களுக்கு. கணக்குல மண்டை காஞ்சதுங்க எல்லாம் இங்கதான் வருது. ஒன் பொண்ணு நாலாவதுதான படிக்குது?"

"பொண்ணுக்கு இல்ல."

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

இலக்கியா கல்வராயன் மலைப் பெண். வெள்ளிமலையைத் தாண்டிப் போக வேண்டும் அவள் ஊருக்கு. எம்.எஸ்சி. படித்துவிட்டு ஒரு காலேஜில் வேலை பார்த்தாள். மூன்று வகுப்பை ஒரே ஹாலில் அடைத்துப் பாடம் நடத்தச் சொன்னார்களாம், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். கோபக்காரி. ஒல்லி. குழம்பு வைக்கச் சுத்தமாகத் தெரியாது. (எழுது, எழுது.) மாடியில் தகரக் கொட்டகை போட்ட இடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். என்னைக் கேட்காமல் என் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் போர்டாக்கிவிட்டாள். அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. "புரிஞ்சுது" என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது, சுவரில் போட்டுக் காட்ட வேண்டும். தப்பாகப் போட்டால் அழிக்க மாட்டாள். தப்பான இடத்தைச் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் போட்டவர் பெயரையும் எழுதி, அந்த வாரம் முழுக்க அப்படியே விட்டுவிடுவாள். போகிறவன் வருகிறவன் எல்லாரும் பார்த்துக்கொண்டு போக வேண்டியது.

நான்தான் இவனை மாடிக்கு அழைத்துப் போனேன்.

"நீங்க எந்த பேட்ச்சுங்க?" என்று கேட்டாள் இலக்கியா.

இவன் காலேஜை விட்டு வந்த வருஷத்தைச் சொன்னான். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் திரும்பி, "அண்ணா, அப்ப நான் ரெண்டாங்கிளாஸுண்ணா" என்றான்.

"அப்பவே படிச்சி வச்சிருந்தீன்னா இன்னிக்கி எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல?" என்றான் இவன். கொட்டகை சிரித்தது. இலக்கியாவும் சிரித்துவிட்டு, "உக்காருங்க. போன்ல வீடியோ பாத்துப் படிச்சீங்களா?" என்றாள்.

"பாத்தேங்க. வடக்கத்தி ஆளு ஒருத்தரு வேகமாச் சொல்றாரு. நிறுத்தி நிறுத்திப் பாத்ததுல சார்ஜுதான் போச்சு."

வகுப்பு முடிந்து இறங்கி வந்தவன் என் காலையே பார்த்தான்.

"அத்த, ஒனக்கு முட்டி வலி."

"எனக்கா? காலையிலதான் ஏணி போட்டு முருங்கக்கா பறிச்சேன்."

"அம்சாகிட்ட அப்டித்தான் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போவ ஆளில்ல, வாராவாரம் சனி ஞாயிறு நான்தான் போவணும்னு."

"கட்டிக்கினவகிட்ட உள்ளத சொல்றதுக்கு இன்னாடா?"

"அவ மேத்ஸு அத்த! அவகிட்ட போயி மேத்ஸுலயே பெயிலுன்னு எப்டி சொல்றது? பாஸாயிட்டு சொல்லிக்கறேன்."

அன்று முதல் எனக்கு முட்டி வலி வந்தது. அம்சவள்ளி நல்ல மனசுக்காரி. வாராவாரம் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். மிளகு தூக்கலாக, பிரமாதமாக இருக்கும். பொய்யில் எனக்குப் பங்கு இல்லை, சூப்பில்தான் பங்கு.

மேலே இவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பொடிப்பசங்கள் சடசடவென்று எழுதுவார்கள், இவன் பேனா மூடியைக் கடிப்பான். இன்டகிரேஷன் என்று ஒரு கணக்கு. அதில் இரண்டு இன்டகிரேஷன் ஒன்றுக்குள் ஒன்று வரும். எது முதல், எது அடுத்தது என்கிற வரிசையை மாற்றிப் போட வேண்டும். பரீட்சையில் இது தவறாமல் வருமாம். இவனுக்கு அதுதான் வரவில்லை. நான் துணி காயப்போட மேலே போனபோது சுவரில் ஒரு முக்கோணம் வரைந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"நின்ன மாதிரி கோடு போட்டு வெட்டினீங்க. இப்ப படுத்த மாதிரி வெட்டுங்க" என்றாள் இலக்கியா.

"வெட்டினா?"

"கோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாருங்க. அதான் புது லிமிட்."

இவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"டீச்சர், எங்க கீழக்கொல்லை நெலம் இப்டித்தாங்க இருக்கும். ஒரு பக்கம் வாய்க்கா சாய்வாப் போவும். நெட்டுக்க டிராக்டர் ஓட்டினா உழவுசால் வரப்புல ஆரம்பிச்சு வாய்க்கால்ல முடியும். குறுக்க ஓட்டினா வாய்க்கால்ல ஆரம்பிச்சு அந்தாண்ட வரப்புல முடியும். கொல்லை இன்னவோ அதே கொல்லைதான்."

"அதேதாங்க. எழுதுங்க."

எழுதினான். வரிசையை மாற்றினான், ஒரு பக்க லிமிட்டை மாற்ற மறந்துவிட்டான். சிவப்பு வட்டம் விழுந்தது. பக்கத்தில் "சிவசங்கர் அண்ணா" என்று பெயரும் விழுந்தது.

"புரிஞ்சுதுன்னுதான நெனச்சேன்" என்றான்.

"அதனாலதாங்க அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கேன்" என்றாள் அவள்.

அந்த வட்டம் சுவரில் இருக்கும்போதுதான் அம்சவள்ளி வந்தாள். சொல்லாமல் வந்தாள். நான் அப்போது ஏணியின் மேல் நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். கீழே தூக்கோடு நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பெரிம்மா, முட்டி எப்டி இருக்குது?"

"கொஞ்சம் தேவலாம்மா" என்றேன் மேலிருந்தே. வேறு என்ன சொல்வது?

"தேவலாமா? எறங்கி வா. அவரு எங்க?"

அதற்குள் மாடியிலிருந்து இலக்கியாவின் குரல் கேட்டது. "அவசரப்படாதீங்க சிவசங்கர், மறுபடியும் மொதல்லருந்து வாங்க." அம்சவள்ளியின் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் ஏணியிலிருந்து வேகமாக இறங்கினேன். அவள் படியேறிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். முட்டி வலிக்காரி இரண்டு படி ஒன்றாய் ஏறி ஓடியதை அவள் கவனிக்கவில்லை.

மேலே போனால் இருபது பொடிப்பசங்கள், பெண்பிள்ளைகள், நடுவில் மடித்த முழங்காலோடு புருஷன். சுவரில் அவன் பெயர், சிவப்பு வட்டத்தோடு. அவள் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"யோவ் இன்ஜினியரு, இன்னாய்யா இது?"

"அரியரும்மா. ஒண்ணுதான்."

"கல்யாணத்துக்கு முந்தின அரியரா?"

"காலேஜ் சேந்த மொத வருசத்து அரியரு."

"அப்ப பத்திரிகைல போட்டது? பேனர்ல போட்டது? எங்க சித்தப்பங்கிட்ட, பெரியப்பங்கிட்ட எல்லாம் எங்கப்பா தண்டோரா போட்டாரே, அது? நான் இந்தப் பொம்பளைக்கி வாராவாரம் சூப்பு வச்சேனே, அது?" சூப்பைச் சொல்லும்போதுதான் குரல் ஜாஸ்தியானது. "ஆட்டுக்கால தீயில வாட்டி சுத்தம் பண்றது எத்தன கஷ்டம் தெரியுமாய்யா ஒனக்கு?"

அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பினாள். "அதுலயும் பாரு, ஆர்டர மாத்திட்டு லிமிட்ட மாத்தாம வுட்டிருக்கற! இந்தக் கீழ லிமிட்டு ஒய் வரணும். இதுகூடத் தெரியல!"

இலக்கியாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்டுங்க. நீங்க மேத்ஸா? எந்த காலேஜு? எப்ப முடிச்சீங்க?"

இத்தனை நேரம் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தியவள், "சூப்பு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது.

கீழே வந்து சிவசங்கர் அவள் எதிரில் நின்றான். "தப்புதான் அம்சா. மாமாகிட்ட நானே போயிச் சொல்லிடறேன். அவரு மில்லுல வாக்கு குடுத்திருக்காரு."

"எங்கப்பாகிட்டயா?" என்றாள். "வேணாம். ஒண்ணியும் சொல்ல வேணாம். கம்முனு எழுதிப் பாஸ் பண்ணு."

"இன்னாடி, இப்ப அந்தக் கத்து கத்தின. அப்பன்கிட்ட சொல்றன்னா வேணாம்ன்ற?" என்றேன்.

"அவருக்கு பிரஷர் இருக்குது பெரிம்மா."

காசிநாதனுக்கு பிரஷராவது ஒன்றாவது. விடிகாலையில் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் பைக்கில் போய்க் கடுக்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிற மனுஷன். ஆனாலும் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. எனக்கும் எப்போதாவது அப்படி அமைவது உண்டு.

அடுத்த வாரத்திலிருந்து அம்சவள்ளியும் கூடவே வந்தாள், புருஷன் படிக்கிறானா என்று காவல் காக்க. மாடிக்கு மட்டும் ஏற மாட்டாள். கீழே உட்கார்ந்துகொண்டு, மேலே நடக்கும் பாடத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காசிநாதன் வந்து இறங்கினார். என் முட்டி வலி அவர் காது வரைக்கும் போயிருந்தது. மலையிலிருந்து ஏதோ மூலிகைத் தைலம் வாங்கி வந்திருந்தார்.

"சம்பந்தியம்மா, இத ராத்திரி தடவிக்கினு படுங்க. காலைல ஓடுவீங்க."

"இப்பவே ஓடிக்கினுதான் இருக்கறேன்" என்றேன்.

அப்போது மருமகன் மாடியிலிருந்து இறங்கி வந்தான், கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"மாப்ள, நீங்களும் இங்கதானா? நல்லதாப் போச்சு. மில்லுல நாளைக்கே சர்டிபிகேட்டக் காட்டச் சொல்றாங்க. குடுங்க, பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு அப்டியே போயிக் குடுத்துடறேன்."

அம்சவள்ளி, "சர்டிபிகேட்டு ஊர்ல இருக்குதுப்பா, அப்பால..." என்று ஆரம்பித்தாள். சிவசங்கர் அவளைக் கையமர்த்தினான். இந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஒரே ஒரு பொய் இன்னும் சொல்லியிருந்தால் பரீட்சை வரைக்கும் தள்ளியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"மாமா, எங்கிட்ட சர்டிபிகேட்டு இல்லைங்க. ஒரு பேப்பர் பாக்கி. நான் இன்னும் பி.இ. முடிக்கல. வர மாசம் எழுதப்போறேன். அதான் கடைசி சான்ஸு. போச்சுன்னா போச்சு."

காசிநாதன் தைலப் பாட்டிலின் மூடியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார், மூடினார்.

"அப்ப பத்திரிகைல போட்டிருந்தது?"

"அப்பாதாங்க போட்டாரு. நானும் வேணாம்னு சொல்லல."

"முட்டி வலியும் பொய்தான் சம்பந்தி. அதையும் இதோட சேத்துக்கங்க. தைலத்த வேணா குடுத்துட்டுப் போங்க" என்றேன் நான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.

மனுஷன் கோபப்படுவார், எழுந்து போவார் என்று பார்த்தால், மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"அம்சா, நீ சொல்லிட்டியா?"

"அப்பா!"

"சொல்லலையா இன்னும்?"

"இன்னாத்த சொல்லணும்?" என்றான் சிவசங்கர்.

அவள் முந்தானையைத் திருகினாள். காசிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்ள, ஒங்க பத்திரிகையும் எங்க பத்திரிகையும் ஒரே அச்சாபீசுலதான் அடிச்சோம். அந்தாளு நாம இன்னா சொன்னாலும் போட்டுடுவான். அவளுக்கும் ஒரு பேப்பர் நிக்குது."

"ரியல் அனாலிசிஸு" என்றாள் அம்சவள்ளி, தரையைப் பார்த்து. "அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் பர்ஸ்ட் கிளாஸு."

நான் சிரித்த சிரிப்பில் மேலேயிருந்து பசங்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவசங்கர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப தனுஷா கணக்கு கேட்டப்ப எல்லாம் எங்கிட்ட தள்ளிவுட்டியே?"

"நீதான இன்ஜினியரு?"

"நீதான மேத்ஸு?"

"நாலாங்கிளாஸ் கணக்கு எனக்கு வரும்யா! ஒண்ணு சொல்லிக் குடுக்கப் போயி, நீ பக்கத்துல உக்காந்து பெரிய கணக்கா ஏதாச்சும் கேட்டுட்டா இன்னா பண்றதுன்னு பயம்."

"நான் கேக்கறதா! நீ கேட்டுடுவியோன்னு நான் டிராக்டருக்கு அடியில போயிப் படுத்துக்கினேன்!"

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. தண்ணீர் குடிக்க இறங்கி வந்த இலக்கியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "ரியல் அனாலிசிஸா? அக்கா, எனக்கு அது உயிரு. மேல வாங்க. ஒங்களுக்குத் தனிச் சுவரே தர்றேன்" என்றாள். சுவர் என்னுடையது. ஆனாலும் தரட்டும் என்று விட்டேன்.

காசிநாதன் எழுந்தார். "மாப்ள, நான் மில்லுக்குப் போயி உள்ளதச் சொல்லிடறேன். ஒரு பேப்பர் எழுதறாரு, ரிசல்ட் வர வரைக்கும் இடத்த வச்சிருங்கன்னு கேக்கறேன். வாங்கிக் கட்டிக்குவேன், பரவால்ல. ஆனா நீங்க பாஸ் பண்ணலன்னா அந்த மில்லு ரோட்டுல நான் தல காட்ட முடியாது."

ஆலைக்காரர்கள் அவரைக் கொஞ்சம் பேசத்தான் செய்தார்களாம். கேட்டுக்கொண்டு நின்றாராம். பிறகு, அவன் கை வேலையை நினைத்து, ரிசல்ட் வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்களாம். இதைக் கேட்ட பிறகு சிவசங்கர் மாறிப்போனான். டிராக்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். இரண்டு பேரும் வீட்டில் சுவருக்குக் கறுப்பு அடித்துவிட்டார்கள். அவன் தப்பை அவள் வட்டம் போடுவாள், அவள் தப்பைத் தனுஷா வட்டம் போடும். அதற்குக் கணக்குத் தெரியாது, அம்மா எழுதும்போது எங்கே முழிக்கிறாள் என்று பார்த்து அந்த இடத்தில் போட்டுவிடும். பெரும்பாலும் சரியாக இருக்குமாம்.

பரீட்சையில் அந்த வரிசை மாற்றுகிற கணக்கு வந்தது. முக்கோணம்கூட இல்லை, வில் மாதிரி வளைந்த கொல்லையாம். "வாய்க்கா வளஞ்சி போனா ஓட்ட மாட்டனா அத்த?" என்றான். லிமிட்டை மாற்றினாயா என்று கேட்டேன். எனக்கே அந்த வார்த்தை பழகிவிட்டது. ரெண்டையும் மாற்றினேன் என்றான்.

ரிசல்ட் வந்த அன்று எல்லாரும் என் மாடியில் இருந்தோம். போனில் ரிசல்ட் பக்கம் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. சிவசங்கர் பார்க்க மாட்டேன் என்று தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். காசிநாதன் படிக்கட்டில் உட்கார்ந்து என் தைலத்தைத் தன் முட்டியில் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்சவள்ளியின் போனில்தான் திறந்தது. அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"யோவ்" என்றாள். "யோவ், பாஸுய்யா!"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பசங்கள் தூக்கினார்கள். முன்வரிசைப் பையன், "அண்ணா, நான் இந்தத் தபாவும் போச்சுண்ணா" என்றான். "வுடுடா, கையத் தூக்கிச் சந்தேகம் கேளு, நான் சொல்லித் தர்றேன்" என்றான் இவன். இப்போது ஆலை வேலை முடிந்ததும் வாரத்தில் ஒருநாள் வந்து அந்தப் பையனோடு உட்காரவும் செய்கிறான்.

காசிநாதனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஊரில் பேனர் வைக்க வேண்டும், விருந்து போட வேண்டும் என்றார்.

"இன்னான்னு வப்ப?" என்றாள் மகள். "இப்பதான் பி.இ. ஆனாருன்னா? அப்ப கல்யாணத்துல வச்ச பேனரு இன்னான்னு ஊரு கேக்காதா?"

யோசித்துவிட்டு மூன்று பேரும் என் முட்டியைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் ரிஷிவந்தியம் சாலையில் என் படம் போட்ட பிளெக்ஸ் நின்றது. "மூட்டு வலி நீங்கி நலம் பெற்ற எங்கள் குடும்பத்தின் குலவிளக்கு சாலம்மாள் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்று போட்டிருந்ததாக இலக்கியா படித்துச் சொன்னாள். படத்தில் நான் முறைத்துக்கொண்டிருந்தேன். கீழே சிவசங்கர், பி.இ. என்று பெரிதாக இருந்தது. அவன் அதை நின்று நின்று பார்த்தான். அதற்குப் பக்கத்தில் அம்சவள்ளியின் பெயருக்குப் பின்னால் அவள் எதையும் போட விடவில்லை, கொஞ்சம் இடம் மட்டும் விடச் சொல்லிவிட்டாள். கிடா வெட்டி விருந்து போட்டார்கள். ஊரே வந்து என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போனது.

அம்சவள்ளி எழுதிய பரீட்சை அந்தத் தடவை கொஞ்சத்தில் போய்விட்டது. அவள் விடவில்லை. அவளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி என் மாடிக்கு வந்துவிடுகிறாள். ஆட்டுக்கால் சூப்பை இப்போது சிவசங்கர் வைத்துக் கொடுத்தனுப்புகிறான். மிளகு கம்மி, ஆனால் குடிக்கலாம்.

போன வாரம் அவள் ஊர் பஸ்ஸில் ஒரு அம்மாள் அவளை மடக்கிக் கேட்டாளாம். "ஒங்க பெரிம்மாவுக்கு முட்டி நல்லாயிடுச்சின்னு பேனரெல்லாம் வச்சீங்களே, மறுபடியும் தூக்க எடுத்துக்கினு எங்கம்மா போற?"

"அது அந்தப் பக்கத்து முட்டிங்க" என்றாளாம் அம்சவள்ளி. "இப்ப இந்தப் பக்கத்து முட்டி."